ஊட்டி, வெலிங்டன் பழைய கட்டடங்கள்: எதையெல்லாம் பார்க்கலாம்?

கேள்வி: அடுத்த வாரம் அப்பாவுடன் ஊட்டி வருகிறேன். எழுபது வயது, பட்டாளத்தில் இருந்தவர். ஏரி, படகெல்லாம் அவருக்கு வேண்டாமாம். பழைய கட்டடங்கள்தான் வேண்டுமாம். எங்கே கூட்டிப் போகலாம்?

பதில் 1: முதலில் ஸ்டோன் ஹவுஸ். 1822இல் அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கியது. கல் பங்களா என்று சொன்னால்தான் எங்கள் பாட்டிக்குப் புரியும். இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அப்புறம் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம், 1829இல் அடிக்கல் நாட்டியது. உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். அந்த உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். ரயில் இல்லாத காலத்தில் இந்த மலைக்கு எப்படித்தான் ஏற்றினார்களோ! நான் ஒவ்வொரு முறையும் கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பதில் 2: பட்டாளத்துக்காரர் என்றால் குன்னூர் பக்கத்திலிருக்கும் வெலிங்டனை விடலாமா? பழைய பெயர் ஜக்கதளா. 1850களில் எழுந்த பாரக்ஸ் (படைவீரர் குடியிருப்பு) அங்கே இருக்கிறது; 1947 முதல் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் அங்கேதான். ஆனால் கேட் அருகே படமெடுக்கப் போனை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், காவலர் முன் நின்று ஒவ்வொரு படமாக அழிக்க வேண்டியதாயிற்று. அதில் என் மகள் பிறந்தநாள் படமும் போய்விட்டது.

கேள்வி கேட்டவர்: அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்தான்! படித்துக் காட்டினேன். ஸ்வெட்டரை எடுத்து இப்போதே வெயிலில் போட்டுவிட்டார்.

பதில் 2: அடடா, அப்படியென்றால் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.