மழைக்குப் பின் மேட்டு நிலத்தில் சரளை மேலே வருகிறது: உரக் குறையா, மண் அரிப்பா?

பண்ருட்டி மானாவாரி (கேள்வி)

வணக்கம். பண்ருட்டிக்குத் தெற்கே, சற்றே சரிந்த செம்மண் மேட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் உள்ளது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில், என் தந்தை வளர்த்த முந்திரி மரங்களில் வரப்போரம் நின்ற நான்கைத் தவிர மற்ற அனைத்தும் சாய்ந்துவிட்டன. மீண்டும் கன்று வைத்துக் காய்ப்புக்குக் காத்திருக்க அன்று எங்களிடம் வசதி இல்லாததால், கட்டைகளைத் தோண்டி அகற்றிவிட்டு, மறு ஆண்டு முதல் ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைத்து வருகிறோம்.

முதல் சில ஆண்டுகள் விளைச்சல் மனநிறைவாகவே இருந்தது. இப்போது உரத்தின் அளவைக் கூட்டியும் செடி வெளிறியே நிற்கிறது. மேல்பாதியில் காய் பிடிப்பு மிகக் குறைவு. ஐப்பசி மழைக்குப் பிறகு நிலத்தில் சரளைக்கல் முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது. கீழ்க்கோடியில் இருந்து வெளியேறும் நீர் செக்கச்செவேலென்று ஓடுகிறது. மண் பரிசோதனையில் கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்கும் கீழே, அதாவது 'குறைவு' என்று வந்திருக்கிறது. உழவு டிராக்டரில்தான், நிலம் மேலிருந்து கீழாக நீண்டிருப்பதால் அந்தப் போக்கிலேயே உழுகிறோம். இது உரத்தால் சரிசெய்யக்கூடிய குறையா, அல்லது மண்ணே போய்க்கொண்டிருக்கிறதா என்பதை எவ்வாறு உறுதிசெய்வது?

விருத்தாசலம் ஓய்வு பெற்ற களப்பணியாளர்

வணக்கம் தம்பி. விடையின் பெரும்பகுதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சியிருக்கும் அந்த நான்கு முந்திரி மரங்களின் அடியில் போய்ப் பாருங்கள். பக்கவேர்கள் தரைக்கு மேலே தெரிகின்றனவா? தெரிந்தால், மரத்தின் பழைய மண் மட்டத்துக்கும் இன்றைய மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மண் என்பது ஏறத்தாழ ஐந்தரை டன். நான்கு விரற்கடை, அதாவது சுமார் ஏழு சென்டிமீட்டர், குறைந்திருந்தால் அந்தப் பகுதியில் ஏக்கருக்கு 400 டன் அளவில் மண் இடம்பெயர்ந்திருக்கிறது. அவ்வளவும் நிலத்தை விட்டே போயிருக்காது. சரிவோடு உழும்போது கலப்பையே மண்ணைக் கீழே தள்ளும் என்பதால், கீழ்வரப்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

மழைத்துளி வெற்றுத் தரையில் விழும் வேகத்திலேயே மண்கட்டி சிதறிவிடுகிறது. சிதறிய நுண்துகள் துளைகளை அடைத்து, மேலே ஏடு போல இறுகிக்கொள்வதால் நீர் உள்ளே இறங்காமல் ஓடத் தொடங்குகிறது. ஓடும் நீர் முதலில் எடுத்துச் செல்வது களிமண் துகளையும், மக்கிப்போன இலைதழையான மக்கையும்தான். கனமான மணலும் சரளையும் தங்கிவிடுகின்றன. சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் பிடித்து வைத்திருப்பவை அந்தக் களியும் மக்குமே. செம்மண்ணுக்கு அந்தப் பிடிப்புத் திறன் இயல்பிலேயே குறைவு. இருந்த கொஞ்சமும் போன பிறகு நீங்கள் இடும் உரம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? ஆகவே உரக் குறையும் அரிப்பும் உங்கள் நிலத்தில் வெவ்வேறு நோய்கள் அல்ல. முந்தையது பிந்தையதன் விளைவு.

என்னைக் கூடுதலாகக் கவலைப்பட வைப்பது உங்கள் பட்டம்தான். ஆடியில் விதைத்த மல்லாட்டையை ஐப்பசி வாக்கில் பிடுங்குகிறீர்கள். பிடுங்குவது என்பதே ஓர் உழவு. மண் பொலபொலவென்று கிடக்கும், கொடியும் மாட்டுக்குப் போய்விடும். கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது; சரியாக அந்த நேரத்தில் உங்கள் நிலம் போர்வையின்றிக் கிடக்கிறது. முந்திரி நின்ற காலத்தில் கொட்டை பொறுக்குவதற்காகச் சருகைப் பெருக்கியிருந்தாலும், மழைக்காலத்தில் தலைக்கு மேல் குடை போலக் கிளையும் மண்ணுக்குள் வேரும் இருந்தன.

புதுச்சேரி வடக்கு மேடு

பெரியவர் சொன்னதோடு எங்கள் பகுதியின் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். புதுச்சேரிக்கு வடக்கே, 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்ட செம்மண் மேடு அன்று மரமற்று, மழைநீர் அறுத்த ஆழமான ஓடைகளோடு கிடந்தது. அங்கு வந்தவர்கள் மரக்கன்று நடுவதோடு நில்லாமல் வயல்களைச் சுற்றி மண் வரப்புகள் எழுப்பினார்கள். ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டினார்கள். மழைநீர் விழுந்த இடத்திலேயே தங்கியதால்தான் கன்றுகள் பிழைத்தன; இன்று அங்கு நிற்கும் காடு அந்த வரப்புகளின் மேல் எழுந்தது என்றே நான் சொல்வேன்.

உங்களுக்கும் வரப்புதான் முதல் வேலை. ஆனால் கண்ணால் பார்த்து நேராகப் போடாதீர்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு சமமட்டத்தைக் குறித்து, அந்தக் கோட்டின் வளைவிலேயே வரப்பை இழுங்கள். ஒவ்வொரு வரப்பின் ஓரத்திலும் கல் அடுக்கிய ஒரு சிறு கலிங்கு, அதாவது மிகுந்த நீர் வழிந்து வெளியேறும் வாய், கட்டாயம் இருக்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று என் நிலத்தில் கலிங்கு வைத்த மூன்று வரப்புகள் நின்றன; கலிங்கு வைக்காத நான்காவது உடைந்து, அதன் கீழே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. வடிகால் இல்லாத வரப்பு, வரப்பே இல்லாததைவிடக் கெடுதல் செய்யும் என்பதை அன்று நேரில் கண்டேன்.

கடலூர் வெட்டிவேர்

வரப்பின் மேல் வெட்டிவேர்த் தூர்களை ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் ஒற்றை வரிசையாக நடுங்கள். எங்கள் கடலோர மணலில் இதை வேருக்காகவே பயிரிடுகிறோம். ஆனால் வேருக்காகத் தோண்டினால் மண் கலைந்துவிடும் என்பதால், வரப்பில் நட்டதை ஒருபோதும் தோண்டக் கூடாது. நெருங்கி வளர்ந்த தூர் நீரை வடிய விட்டு மண்ணை மட்டும் நிறுத்திக்கொள்ளும்.

பண்ருட்டி மானாவாரி

மூவருக்கும் நன்றி. இன்று காலை அளந்து பார்த்தேன். மேல்பக்கத்து மரத்தில் பக்கவேர் ஐந்து விரற்கடைக்கு வெளியே தெரிகிறது; கீழ்வரப்பில் பழைய எல்லைக்கல் பாதிக்கு மேல் புதைந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இதைத் தாண்டித்தான் தினமும் நடந்திருக்கிறேன் என்பது வேதனையாக உள்ளது. கீழே சேர்ந்த மண்ணை மேலே கொண்டுபோய்க் கொட்டலாமா? மல்லாட்டையை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

விருத்தாசலம் ஓய்வு பெற்ற களப்பணியாளர்

விட வேண்டாம் தம்பி. உழவையும் விதைப்பையும் சரிவுக்குக் குறுக்கே மாற்றுங்கள். டிராக்டர் அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் வாடகை சற்றுக் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு வரிசை மல்லாட்டைக்கு ஒரு வரிசை துவரை போடுங்கள். காய் பிடுங்கிய பிறகும் துவரை தை வரை நிற்கும்; இடையில் கொள்ளு தூவிவிட்டால் தரை மூடிக்கொள்ளும். கீழே சேர்ந்த மண்ணை மேலே கொட்டுவதில் தவறில்லை, ஆனால் வரப்பு போட்ட பிறகுதான் கொட்ட வேண்டும். அத்துடன் பக்கத்து ஏரியின் வண்டலை வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றுக் கோடையில் அடித்து, அதன் மேல் சில இரவுகள் ஆட்டுக் கிடை போடுங்கள். கரிமச் சத்து ஒரே ஆண்டில் ஏறிவிடாது. மூன்றாம் ஆண்டு அதே இடத்தில், அதே மாதத்தில் மண் எடுத்துச் சோதித்து, இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரப்பு வேலையை மட்டும் ஆவணிக்குத் தள்ளிப்போடாமல் சித்திரையிலேயே முடித்துவிடுங்கள். புது மண் இறுகுவதற்குக் கோடைமழை இரண்டு முறையாவது அதன் மேல் பெய்ய வேண்டும்.