ஒரே சந்தா, ஆளுக்கொரு தரம்: வீடியோ பூட்டு யாரைத் தடுக்கிறது?

கம்பிவால்:
அதே படம், அதே சந்தா, அதே இணைய இணைப்பு. ஃபோனில் பார்த்தால் துல்லியமாக இருக்கிறது. லினக்ஸ் லேப்டாப்பில் அதே காட்சியைத் திறந்தால் நடிகரின் சட்டைக் கோடுகளெல்லாம் கரைந்து கஞ்சியாக நிற்கின்றன. 480பி, அதாவது பழைய டிவி அளவுத் தரம். உதவிப் பிரிவில் கேட்டதற்கு "உங்கள் சாதனம் உயர் தரத்துக்குத் தகுதி பெறவில்லை" என்று பதில். என் லேப்டாப்பில் இருப்பது 4கே திரை! திருட்டு நகலை இறக்கிப் பார்ப்பவனிடம் யாரும் தகுதி கேட்பதில்லை. அப்படியானால் இந்தப் பூட்டு யாருக்கு?

மூன்றாம்சாவி:
தகுதி என்றால் திரையின் தகுதி இல்லை நண்பரே. வீடியோவைப் பூட்டி அனுப்பும் கூகுளின் வைட்வைன் முறையில் எல்1, எல்3 என்று பாதுகாப்பு நிலைகள் உண்டு. எல்1 உள்ள ஃபோனில் பூட்டைத் திறப்பது, வீடியோவைப் படமாக விரிப்பது (டிகோட்) எல்லாமே சிப்புக்குள் தனியாக ஒதுக்கிய இடத்தில் நடக்கும். ஆண்ட்ராய்டே எட்டிப் பார்க்க முடியாது. உங்கள் லேப்டாப் பிரவுசரில் இருப்பது எல்3, அதாவது வெறும் மென்பொருள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையே திருத்தி எழுதக்கூடிய ஆளுக்கு அங்கே சாவியைத் தேடி எடுக்க வழி இருக்கிறது. படத்தின் உரிமையாளர்கள் ஒப்பந்தம் போடும்போதே "இன்ன பாதுகாப்பு இல்லாத இடத்தில் இதற்கு மேல் தரம் கொடுக்காதே" என்று சொல்லிவிடுவார்கள். லினக்ஸ்மேல் யாருக்கும் கோபம் இல்லை. நெட்ஃபிளிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், விண்டோஸிலேயே 4கே வேண்டுமானால் எட்ஜ் பிரவுசருக்கோ அவர்களின் செயலிக்கோதான் போக வேண்டும். குரோமில் வராது.

கம்பிவால்:
டிவிடி காலத்திலும் இதே பாட்டுதான். சிஎஸ்எஸ் என்று 40 பிட் சாவியில் ஒரு பூட்டு. லினக்ஸில் டிவிடி பார்க்க முறையான பிளேயர் கிடையாது. 1999-இல் அதைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற நிரல் வெளிவந்து பூட்டு போயிற்று. அதை உருவாக்கியதில் பங்கு கொண்டதற்காக நார்வேயில் யான் லெக் யோஹான்சன்மீது வழக்குப் போட்டார்கள். 2003-இல் கீழ் நீதிமன்றம், மேல்முறையீடு இரண்டிலும் விடுதலை. தான் வாங்கிய வட்டைத் தான் பார்ப்பது குற்றமா?

மூன்றாம்சாவி:
பூட்டு மட்டமானது என்பதற்குத்தான் அது சாட்சி. பூட்டே கூடாது என்பதற்கு இல்லை. இன்றைக்கு ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை, 128 பிட் சாவி. அதை யாரும் உடைப்பதில்லை. சாவி வைத்திருக்கும் இடத்தைத்தான் குடைகிறார்கள். அதனால்தான் சாவியைச் சிப்புக்குள் தள்ளுகிறார்கள்.

பழையஒயர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் பழைய புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகினால் சத்தம் வரும், படம் வராது. ஒயரில் போகும் படத்துக்கான பூட்டு எச்டிசிபி; இரு கருவிகளும் ஒன்றையொன்று சரிபார்க்கும் அதன் கைகுலுக்கல் தோற்றுவிட்டதாம். அந்த எச்டிசிபியின் தலைச்சாவி 2010-இலேயே வெளியே கசிந்துவிட்டது, உண்மைதான் என்று அதை உருவாக்கிய இன்டெலே ஒப்புக்கொண்டது. திருடுபவன் கையில் சாவி வந்து இத்தனை வருஷம் ஆயிற்று. என் சுவர் மட்டும் இன்னும் கறுப்பாக இருக்கிறது.

கம்பிவால்:
அப்படிப் போடுங்க!

மூன்றாம்சாவி:
சரி, எச்டிசிபிக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லுங்கள் கம்பிவால். 2014-க்கு முன்னால் லினக்ஸில் நெட்ஃபிளிக்ஸ் எப்படிப் பார்த்தீர்கள்? மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் என்ற இணைப்பு மென்பொருளைக் கேட்கும், அது லினக்ஸுக்கு வராது, கதை முடிந்தது. பூட்டிய வீடியோவைப் பிரவுசருக்குள்ளேயே இயக்கும் ஈஎம்ஈ வசதி வந்த பிறகுதான் குரோமில் திறந்தது. இப்போது ஒரே கோப்பைப் பொதுவான முறையில் மறையாக்கம் செய்துவிட்டு வைட்வைன், மைக்ரோசாஃப்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே மூன்றுக்கும் தனித்தனி உரிமம் கொடுக்க முடிகிறது. முன்பு ஆப்பிளுக்கு ஒரு நகல், மற்றவர்களுக்கு ஒரு நகல் என்று இரண்டாக வைத்திருந்தார்கள். நீங்கள் திட்டும் அந்த 480பி-யும் இதனால் வந்ததுதான்.

கம்பிவால்:
இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி, ஈஎம்ஈயை 2017 செப்டம்பரில் தரநிலையாக்கிய அன்றே டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் ஈஎஃப்எஃப் அமைப்பு அங்கிருந்து வெளியேறியது. டிஆர்எம் எனப்படும் இந்தப் பூட்டு முறையையே தூக்கியெறியச் சொல்லிக்கூட அவர்கள் நிற்கவில்லை. பூட்டில் ஓட்டை கண்டு சொல்லும் ஆய்வாளர்மீது வழக்குப் போட மாட்டோம் என்று ஒரு உறுதிமொழி கேட்டார்கள். அதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டத்தில் பூட்டை மீறுவதே தனிக் குற்றம். நீங்கள் பொறியியல் பேசுகிறீர்கள், பூட்டுக்குப் பின்னால் வக்கீல் நிற்கிறார்.

மூன்றாம்சாவி:
உறுதிமொழி கொடுத்திருக்க வேண்டும். அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் பாதுகாப்பானது என்று அடையாளம் கண்டுகொள்ள முடியாத கணினி மேடைக்கு (பிளாட்ஃபாரம்) 4கே கொடு என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது.

பழையஒயர்:
அடையாளம் கண்டுகொண்ட மேடையின் கதையையும் கேளுங்கள். நான் விண்டோஸ் ஆள், லினக்ஸ் தொட்டதில்லை. கணினியில் 4கே ப்ளூ-ரே பார்க்க இன்டெல் சிப்புக்குள் இருக்கும் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்றார்கள். அதற்கென்றே ப்ராசஸர், டிரைவ், உரிமம் பெற்ற பிளேயர் எல்லாம் வாங்கினேன். அப்புறம் 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பில் இன்டெல் எஸ்ஜிஎக்ஸையே எடுத்துவிட்டது. புதிய மெஷின் வாங்கினேன், வேகம் பறக்கிறது, அதே வட்டு ஓட மறுக்கிறது. விதியை அவர்களே போட்டார்கள், நான் பின்பற்றினேன், அப்புறம் அவர்களே விட்டுவிட்டார்கள்.

மூன்றாம்சாவி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை சார். இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் சிப் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி தொடக்கத்திலிருந்தே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மெஷினை விற்றுவிட்டீர்களா?

பழையஒயர்:
இல்லை, பரணில் கிடக்கிறது. நேற்று இறக்கித் தூசி தட்டினேன். வட்டைப் போட்டால் ஓடவில்லை.

மூன்றாம்சாவி:
கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புப் பகுதியான பயாஸுக்குள் போய் எஸ்ஜிஎக்ஸ் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய மெஷினில் பேட்டரி தீர்ந்தால் அமைப்பெல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும்.

கம்பிவால்:
வாங்கிய வட்டைப் பார்க்க பயாஸ் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். எதிரணி நண்பருக்கு நன்றி :)