‘காஸ்ட்யூம் பிரிண்ட்’: உடைப்படமா, வேடப்படமா, கோலப்படமா?

அன்புடையீர், வணக்கம். ஆடுபவரை மேடை உடையில் காட்டும் பழைய அச்சுப்படமான ‘காஸ்ட்யூம் பிரிண்ட்’டுக்கு நம் சொற்பட்டியலில் தமிழ்ச் சொல் தேடி வருகிறோம். அதுபற்றி நண்பர் ஒருவர் எழுதியது:

> ‘நடன உடைப்படம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாக விளங்குகிறது.

விளங்குகிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் உடை என்றதும் அது உடுத்தியவரின் சொந்த உடை என்றே மனம் எடுத்துக்கொள்ளும். 1830, 40களின் பாலே கல்லச்சுப் (லித்தோகிராஃப்) படங்களில் சிக்கலே அங்கேதான்.

1836இல் பாரிசில் ‘கச்சூச்சா’ என்ற ஸ்பானிய நடனத்தை ஆடிய பாலே கலைஞர் ஃபானி எல்ஸ்லரின் படத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு சாட்டின் பாவாடை, அதன்மேல் அடுக்கடுக்காகக் கறுப்பு லேஸ், கையில் காஸ்டனெட் கட்டைகள். வேடம் ஸ்பானிய ஆட்டக்காரி. ஆடியவரோ வியன்னாவில் பிறந்தவர். அவருடைய தந்தை இசையமைப்பாளர் ஹைடனிடம் ஏவலாளாகவும் இசைப்படி எழுதுபவராகவும் இருந்தவர். அந்தக் குடும்பத்தின் நிலையைப் படத்தில் எங்கே தேடுவது?

இன்னொன்றும் உண்டு. 1840களின் படங்களில் நாட்டுப்புறப் பெண்ணாக வருபவருக்கும் கார்செட் இறுக்கிய சிற்றிடைதான். நடுவகிடு எடுத்து, காதை மூடிப் படிய வாரிய தலை. இரண்டும் அன்றைய சீமாட்டிகளின் பாணி. கிராமத்தைச் சொல்வது முன்னே கட்டிய ஏப்ரன் ஒன்றே. (நிறத்தை வைத்து மட்டும் எதையும் முடிவுகட்ட வேண்டாம். பல படங்கள் அச்சான பிறகு கையால் வண்ணம் தீட்டியவை. படிக்குப் படி மாறும்.)

அப்படியானால் ‘வேடப்படம்’ போதாதா என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். நானும் முதலில் அதையே நினைத்தேன். தடுத்தது அம்மணி என்ற தேவதாசியின் படம். 1830இல் பாரிஸ் ஓபராவில் பாலே கலைஞர் மரி டாலியோனி இந்தியத் தாசியாக வேடம் கட்டினார். எட்டே ஆண்டுகளில், 1838இல், அம்மணி உள்ளிட்ட திருவந்திபுரத்துத் தேவதாசிகளே பாரிசுக்கும் லண்டனுக்கும் போய் ஆடினார்கள். அவர்களின் படங்களும் அச்சேறின. டாலியோனி கட்டியது வேடம். அம்மணி அணிந்தது தன் தொழிலுக்குரிய ஆடையும் நகையும். அதை வேடம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டையும் தாங்கும் சொல் கோலம். மணக்கோலம், துறவுக்கோலம், போர்க்கோலம் என்கிறோம். ஒருவர் அந்த வேளையில் ஏற்று நிற்கும் நிலையை அது சொல்கிறது. அந்த நிலை அவருடையதாகவும் இருக்கலாம், இரவல் வாங்கியதாகவும் இருக்கலாம். எனவே ‘மேடைக்கோலப் படம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘மேடை’ முன்னால் நிற்பதால் வாசல் கோலத்தோடு குழப்பம் வராது.

‘உடைப்படம்’ வீணாக வேண்டாம் ஐயா. புதுப்பாணி உடைகளைக் காட்டும் அச்சுப்படமான ‘ஃபேஷன் பிளேட்’ என்ற பதிவுக்கு நம் பட்டியலில் இன்னும் சொல் அமையவில்லை. அங்கே காட்டுவது உடையைத்தான், அதற்குக் கொடுத்துவிடலாமா?