றூட் கனால் திரும்பச் செய்ய யாரிட்டப் போகலாம்?

கிளிநொச்சியில ஒருவருக்கு மேல்தாடை முதலாம் கடைவாய்ப் பல். றூட் கனால் (வேருக்குள்ள இருக்கிற கால்வாயைத் துப்பரவாக்கி நிரப்பிற சிகிச்சை) செய்து கிரவுணும் (பல்லுக்கு மேல போடுற உறை) போட்டது. இப்ப முரசில சின்னக் கொப்புளம் வந்து சீழ் கசியுது. எக்ஸ்றேயில மூன்று கால்வாய் நிரப்பியிருக்கு, வேர் நுனியில கறுப்பு நிழல். கன்னப் பக்க முன்வேரில நாலாவது கால்வாய் தவறியிருக்கலாம். இந்தப் பல்லில அது வழமையான கதை. அன்ரிபயோட்டிக் போட்டால் அடங்கித் திரும்ப வரும், கிருமி கால்வாய்க்குள்ளதானே இருக்கு.

றப்பர் டாம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றிப் போடுற றப்பர் விரிப்பு) போட்டு, மைக்றோஸ்கோப்பில பார்த்து, பழைய கட்டாபேர்ச்சாவை (கால்வாயை நிரப்பின றப்பர் மாதிரிப் பொருள்) எடுத்து, கிருமி கொல்லிற ஹைப்போகுளோறைற்றால கழுவி நிரப்பிற ஆள் வேணும். வேர் நெடுக்காக வெடிச்சிருந்தால் பெரும்பாலும் காப்பாற்றேலாது, அதால சீபிசிரி ஸ்கான் (பல்லை முப்பரிமாணத்தில காட்டுற எக்ஸ்றே) முதலே வேணும். வவுனியா, யாழ்ப்பாணத்தில ஆர் செய்யினம்? பேராதனை பல் வைத்தியசாலைக்கே போகவேணுமோ? செலவையும் சொல்லுங்கோ.