பழைய வீட்டோடு சேர்த்துக் கட்டிய அறை: சந்திப்பில் விரிசல், மேற்கொண்டு வேலையைத் தொடரலாமா?

தாழ்வாரம் (கேள்வி)

வணக்கம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய எங்கள் பழைய வீட்டின் பின்பக்கம் 12 அடி அகலமும் 14 அடி நீளமும் உள்ள ஓர் அறையைச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். மொத்த வேலையையும் ஒருவரிடம் ஒப்படைக்காமல், கொத்தனார், கம்பி கட்டுபவர், குழாய் வேலை செய்பவர் என்று தனித்தனியே ஆள் வைத்து, பொருள்களை நானே வாங்கிக் கொடுத்து நடத்தி வருகிறேன். பழைய சுவர் 18 அங்குலக் கனம். புதுச் சுவர் சிமெண்டுக் கலவையில் 9 அங்குலம். தளம் இரண்டு பக்கச் சுவர்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது; பழைய சுவரில் சுமை எதையும் இறக்கவில்லை. ஆனால் பக்கச் சுவர்கள் பழைய சுவரைத் தொடும் இடத்தில், செங்கற்களைப் பெயர்த்துப் பல் விட்டு இரண்டையும் கோத்துவிட்டார்கள்.

தளம் போட்டு 5 மாதம் ஆகிறது. முதல் பெருமழைக்குப் பிறகு இடது சந்திப்பில் நேர்கோடாக ஒரு விரிசல் தோன்றியது. தரையருகே மயிரிழை போல இருக்கிறது. மேலே போகப் போக அகன்று, தளத்துக்கு அடியில் ஒரு நாணயத்தை நெட்டுக்குத்தாகச் செருகினால் தடையின்றி உள்ளே போகிறது. வலது சந்திப்பில் பூச்சில் மட்டும் லேசான கீறல். மழை பெய்தால் தளமும் பழைய சுவரும் சேரும் இடத்தில் ஈரம் இறங்குகிறது. சிமெண்டுப் பால் ஊற்றி ஒருமுறை அடைத்தோம். மூன்றே வாரத்தில், அடைத்த இடம் அப்படியே இருக்க, அதன் ஓரமாகப் பழைய செங்கல் பிளந்துகொண்டது.

அடுத்ததாகப் பழைய சுவரை உடைத்து 5 அடி அகலத்துக்கு வாசல் திறக்க வேண்டும். கொத்தனார் தயாராக இருக்கிறார். எனக்குத் துணிவு வரவில்லை. தொடரலாமா?

தூக்குக்குண்டு

வாசல் வேலையை நிறுத்தி வையுங்கள். நகர்ந்துகொண்டிருக்கும் கட்டடத்தின் பக்கத்தில் சுவரைத் திறப்பது எந்த நிலையிலும் சரியல்ல.

உங்கள் பழைய வீடு இறங்க வேண்டிய அளவு எப்போதோ இறங்கி மண்ணில் அமர்ந்துவிட்டது. புது அறை இனிமேல்தான் அமர வேண்டும். சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பே. அதைத் தடுக்கும் விதமாகப் பல் விட்டுக் கோத்ததுதான் தவறு. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, சிமெண்டுக் கலவை விறைப்பானது என்பதால், இழுபறி வரும்போது எப்போதும் பழைய பக்கம்தான் கிழியும். அடைத்த சிமெண்டு நிற்க, பழைய செங்கல் பிளந்ததற்கு இதுவே காரணம்.

விரிசலின் வடிவத்தைக் கவனியுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருந்திருந்தால், கலவை காய்ந்து சுருங்கியதாலோ வெயிலின் விரிவாலோ வந்தது என்று எண்ணலாம். மேலே அகன்று கீழே ஒடுங்கியிருப்பதால், அறையின் தூரக் கோடி இறங்கி, அறை முழுவதும் பழைய வீட்டை விட்டு வெளிப்புறமாகச் சாய்கிறது என்றே தோன்றுகிறது. இதை உறுதி செய்ய மூன்று செய்திகள் வேண்டும். டியூப் மட்டம் (நீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) பிடித்து, பிளிந்த் பீமின் (சுவரின் அடியில் தரைமட்டத்தை ஒட்டி ஓடும் கான்கிரீட் விட்டம்) மேல்விளிம்பு நான்கு மூலைகளிலும் எவ்வளவு ஏறி இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். விரிசலின் இரு பக்கமும் இரண்டு சிறு ஆணிகளைப் பதித்து, இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் (நுண்ணளவு காட்டும் அளவுகோல்) வாரம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். தளத்து மழைநீர் எங்கே விழுகிறது, தூரக் கோடியில் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டியபோது என்ன மண் வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

தாழ்வாரம்

4 வாரம் அளந்துவிட்டு எழுதுகிறேன். விரிசல் 10 அடி உயரத்தில் 4 மி.மீ. இருக்கிறது, இந்த 4 வாரத்தில் மட்டும் அரை மி.மீ. கூடியிருக்கிறது. கட்டும்போது ஒரே மட்டத்தில் இருந்த பிளிந்த் விளிம்பு, பழைய வீட்டுப் பக்கத்தைவிட இடது கோடியில் 6 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. வலது கோடியில் 1 மி.மீ. தான்.

நீங்கள் கேட்ட பிறகுதான் தளத்து மழைநீர்க் குழாயைப் போய்ப் பார்த்தேன். அது இடது கோடியில் சுவரின் காலடியிலேயே முடிகிறது. நீரைத் தள்ளிக் கொண்டுபோக எந்த ஏற்பாடும் இல்லை. அந்த மூலையை ஒட்டிச் சிறு குழி எடுத்துப் பார்த்தோம். அஸ்திவாரத்துக்குக் கீழே ஓட்டுத் துண்டும் கரித்தூளும் கலந்த, கையால் பிசைந்தால் சேறாகும் மண் வந்தது. அந்த இடத்தில் முன்பு ஒரு குழி இருந்ததாகவும் அதை மூடியதாகவும் வீட்டுப் பெரியவர்கள் இப்போது நினைவுகூர்கிறார்கள். தோண்டும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

தூக்குக்குண்டு

உங்கள் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 14 அடி நீளச் சுவரின் கோடி 6 மி.மீ. இறங்கினால், அந்தச் சுவர் 10 அடி உயரத்தில் 4 மி.மீ. அளவுக்கு விலகியாக வேண்டும். நீங்கள் அளந்ததும் அதே 4 மி.மீ. எனவே சுருக்கமோ பூச்சுக் குறையோ காரணமல்ல. இடது மூலை அஸ்திவாரம் மூடிய மண்ணில் இறங்குகிறது, மழைநீர் அதை விரைவுபடுத்துகிறது.

முதலில் நீரை விலக்குங்கள். குழாயை நீட்டிச் சுவரிலிருந்து வெகுவாகத் தள்ளி விடுங்கள். சுவரை ஒட்டிய தரையை வெளிப்புறமாகச் சரிவு கொடுத்துத் தளமிடுங்கள். 40 அடிக்கு 1 அடி என்ற சரிவு போதும். அதன் பிறகு ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் அழைத்துக் குழியைக் காட்டுங்கள். அஸ்திவாரத்தைக் கெட்டி மண் வரை ஆழப்படுத்த வேண்டும் என்று அவர் சொன்னால், 3 அடி நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத்தான் தோண்ட வேண்டும். ஒரு துண்டில் கான்கிரீட் இறுகி, அதற்கும் ஏற்கெனவே உள்ள அஸ்திவாரத்தின் அடிப்பக்கத்துக்கும் இடையிலுள்ள சந்தில் கெட்டியான கலவையை இடித்து நிரப்பிய பின்னரே அடுத்த துண்டைத் தொட வேண்டும். முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

சுண்ணாம்புச்சுவர்

நானும் பழைய வீட்டோடு இரண்டு அறைகளை இதே போல ஆள் வைத்துக் கட்டியவன் என்பதால் சந்திப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சுவர் கொத்தனாருடையது, தளம் சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும்) ஆட்களுடையது, குழாய் குழாய்க்காரருடையது. ஆனால் பழையதும் புதியதும் சேரும் அந்த ஒரு சாண் இடம் எவருடைய கணக்கிலும் வராது. பொறுப்பை ஏற்று நடத்தும் நாம்தான் அதற்கு ஒரு படம் வரைந்து கொடுத்து, பக்கத்தில் நின்று செய்ய வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் படம் இல்லாமல் போனதால், இரண்டு மழைக்காலம் சந்திப்பின் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தோம்.

இறக்கம் நின்ற பிறகு, பல் விட்ட செங்கற்களைச் சந்திப்புக் கோட்டில் அறுத்து, மேலிருந்து கீழ்வரை 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதற்குள் நுரைக் கயிற்றை அழுத்தி வைத்து, மேலே பாலியூரித்தேன் சீலண்டை (ரப்பர் போல நீளும் அடைப்புப் பசை) நிரப்புங்கள். சீலண்டின் ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும். அது இரு பக்கச் சுவர்களை மட்டும்தான் பிடிக்க வேண்டும். அடிப்பக்கமும் ஒட்டிக்கொண்டால் நீள முடியாமல் நடுவில் கிழியும். நுரைக் கயிறு அதற்காகத்தான்.

தளத்தில் சந்திப்பை ஒட்டிப் புதுப் பக்கம் 6 அங்குல உயரத்துக்குக் கரை எழுப்பி, பழைய சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி உலோகத் தகட்டைச் செருகி, கரையின் மேல் மடித்து விடுங்கள். தகட்டைப் பழைய சுவரில் மட்டும் பொருத்துங்கள். கரையிலும் ஆணி அடித்தால் மறுபடி இரண்டையும் கட்டிப்போட்டது போலாகிவிடும். பெயர்ந்த பழைய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்திலேயே வைத்துக் கட்டுங்கள். சிமெண்டுப் பூச்சு அந்தச் சுவரின் ஈரத்தை வெளியே விடாது. உப்புப் பூத்து உதிரும்.

தாழ்வாரம்

குழாயைத் திருப்பிவிட்டோம். பொறியாளர் வந்து பார்த்து, இடது மூலையில் மூன்று துண்டுகளை மட்டும் ஆழப்படுத்தச் சொன்னார், செய்து முடித்தோம். அதன் பிறகு இரண்டு பெருமழை பெய்தும் ஆணிகளுக்கிடையிலான அளவு மாறவில்லை. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கழியும் வரை அளந்துகொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார். அதுவரை வாசலைத் திறப்பதில்லை. ஒரே ஒரு சந்தேகம்: அறையின் உள்பூச்சை இப்போதே முடித்துவிடலாமா?

தூக்குக்குண்டு

மற்றச் சுவர்களைப் பூசலாம். பூசியபின் குறைந்தது 7 நாள் நீர் தெளியுங்கள். இடது சந்திப்பின் இரு பக்கமும் ஓர் அடி அகலத்தை வெறும் செங்கல்லாகவே விட்டுவையுங்கள். ஆணிகளும் அங்கேதான் இருக்கின்றன. வாசல் திறக்கும் நாள் வரும்போது, 18 அங்குலக் கனம் முழுவதையும் தாங்கும் லிண்டலையும் (வாசலுக்கு மேல் வரும் விட்டம்), அதைப் போடும்வரை மேல்சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை, முட்டு வரிசையையும் பொறியாளரிடம் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.