மறு: பெண்ட், ஸ்லைடு – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ப்ளூஸ் கிட்டாரில் வரும் பெண்ட், ஸ்லைடு என்ற உத்திகளுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை ஏற்றுவது பெண்ட், கம்பிமேல் விரலையோ குழாயையோ தேய்த்து நகர்த்துவது ஸ்லைடு. பெண்டுக்கு "வளைப்பு" என்று கோவை நண்பரும் "இழுப்பு" என்று மதுரை நண்பரும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், இந்தச் சொற்கள் எதற்குத் தேவைப்படுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலூரில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சத்துவாச்சாரியில் கூடி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் கேட்கிறோம். பாதிப் பேர் சர்ச்சில் கிட்டார் வாசித்துப் பழகியவர்கள், மீதிப் பேர் வெறும் ரசிகர்கள். புதிதாக வருகிறவர்கள் "எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பதால் அவரவருக்குப் பிடித்த கலைஞர், ஆல்பம், அதில் எதைக் கவனித்துக் கேட்பது என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். பி.பி. கிங், ஆல்பர்ட் கிங், எல்மோர் ஜேம்ஸ் என்று எந்த ப்ளூஸ் கிட்டார் கலைஞரைத் தொட்டாலும் மூன்றாவது வரியில் பெண்ட் வந்துவிடுகிறது, இல்லையென்றால் ஸ்லைடு. (ப்ளூஸ் ப்ளூஸாகவே இருக்கட்டும். "நீல இசை" என்று எழுதினால் நீலாம்பரி ராகத்தோடு முடிச்சுப்போட யாராவது கிளம்பிவிடுவார்கள்.)

வளைப்பு ஏன் வேண்டாம்? கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு வளைவது என்றால் நெக், அதாவது கிட்டாரின் கழுத்துதான். எங்கள் ஊர் கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ரிப்பேர் செய்பவர் பார்த்ததும் "நெக்கு வளைஞ்சிருக்கு" என்பார். ஒரே வாத்தியத்தில் ஒரே சொல் பழுதையும் வாசிப்பையும் குறித்தால் குழப்பம். இழுப்புக்கு நான் விளக்கம் சொல்லவே தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு "ஆல்பர்ட் கிங்கின் இழுப்பு அபாரம்" என்று எழுதினால் எந்த வார்டு என்று கேட்பார்கள்.

சரி, பெண்டில் என்னதான் நடக்கிறது? ஏ சுருதியில் வாசிக்கிறோம், ஏ-தான் சட்ஜம் (ச) என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கம்பியில் ஏழாவது கட்டையை (ஃப்ரெட்) மோதிர விரலால் அழுத்தினால் மத்தியமம் (ம). நடு விரலையும் ஆள்காட்டி விரலையும் அதற்குப் பின்னால் முட்டுக்கொடுத்து, கட்டையை விட்டு நகராமல் கம்பியை நாலாவது கம்பியின் பக்கம் தள்ள வேண்டும். கம்பி விறைக்கிறது, சுரம் ஏறுகிறது, பஞ்சமத்தைத் (ப) தொட்டதும் நிறுத்துகிறோம். இரண்டு கட்டை தூரம், ஒரே இடத்தில் நின்றபடி. முட்டுக்கொடுக்காமல் ஒற்றை விரலால் தள்ளினால் பாதியிலேயே நடுங்கி அபசுரமாகிவிடும்.

இதே வேலையை வீணைக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள். அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள்: ஒதுக்கல். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமக (சுரத்தை அசைத்தும் இழைத்தும் அழகுபடுத்தும் முறை) வகைகளில் ஒன்றாக இது வருகிறது. புத்தகம் தெலுங்கில், சொல் நம்முடையது. இது கையில் இருக்கும்போது நாம் ஏன் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும்?

"பொதுவாகக் கமகம் என்றே சொல்லிவிடலாமே" என்று இன்னொரு மடல் வந்திருந்தது. அது போதாது. பெண்ட், ஸ்லைடு, வைப்ரேட்டோ (சுரத்தை நடுங்க வைப்பது) மூன்றுமே கமகம்தான். மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் பி.பி. கிங்கைப் பற்றி ஒரு பத்திகூட எழுத முடியாது. அவருடைய உறவினர் புக்கா வைட் ஸ்லைடு வாசிப்பதில் பெரிய ஆள். அந்த ஓசைமேல் கிங்குக்குக் கொள்ளை ஆசை, ஆனால் ஸ்லைடு அவர் கைக்கு வசப்படவில்லை. அந்த ஓசையை வெறும் விரலாலேயே கொண்டுவரப் பார்த்ததில்தான் அவருடைய அந்தப் புகழ்பெற்ற விரல் நடுக்கம் பிறந்தது. சிகாகோ ரீகல் தியேட்டரில் 1964 நவம்பரில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த 'லைவ் அட் த ரீகல்' கேட்டால், ஒரு சுரத்தை அவர் பிடித்து அசைக்கும்போதே கூட்டம் கத்துவது கேட்கும். இந்தக் கதை முழுவதும் மூன்று உத்திகளுக்கு இடையே நடப்பது. மூன்றுக்கும் ஒரே பெயர் கொடுத்தால் கதையே இல்லை.

ஆகவே என் பரிந்துரை: பெண்ட் – ஒதுக்கல். வைப்ரேட்டோ – கம்பிதம். இதுவும் பழைய கமகப் பெயர்தான்.

ஸ்லைடில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். கட்டைகளின்மேல் விரலைத் தேய்த்துக்கொண்டே போவதும் ஸ்லைடு, விரலில் மாட்டும் கண்ணாடிக் குழாயும் ஸ்லைடு. முதலாவதற்கு ஜாரு என்ற கமகப் பெயர் இருக்கிறது. ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று திசை வாரியாகவே இருக்கிறது. இரண்டாவதற்கு மடலில் வந்த "சறுக்கு" வேண்டாம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது தோல்வியாகத்தான் கேட்கும்.

நம்மிடம் கோட்டுவாத்தியம் இருக்கிறது. மெட்டே (ஃப்ரெட்) இல்லாத தண்டி (கழுத்துப் பகுதி), கையில் ஒரு கருங்காலி மரத்துண்டு, அதைக் கம்பிமேல் நகர்த்தி வாசிப்பு. அந்தத் துண்டுக்குக் கோடு என்று பெயர், அதனால்தான் வாத்தியத்துக்கே அந்தப் பெயர். மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் கம்பிமேல் கத்தியை அழுத்தி ஒருவர் கிட்டார் வாசித்ததைத் தாம் கேட்டதாக ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். பிறகு பாட்டில் கழுத்து வந்தது, கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மேன் கையில் காலி மருந்துப் புட்டி வந்தது. பொருள்தான் வேறு, எல்லாம் கோடுதான். சுருதி கூட்டுவதிலும் ஒற்றுமை உண்டு. 1951-இல் 'டஸ்ட் மை ப்ரூம்' பதிவில் எல்மோர் ஜேம்ஸ் வைத்த ஓப்பன் டி-யை (எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே டி கார்டு வரும் சுருதிக்கூட்டு) சுரமாகச் சொன்னால் ச ப ச க ப ச. அதற்குள் நம் தம்புரா முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த உறவு ஏற்கெனவே ஒலிப்பதிவாகவும் இருக்கிறது. கோட்டுவாத்தியத்தைச் சித்திரவீணை என்ற பெயரில் வாசிக்கும் ரவிகிரண், ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹால், மோகன வீணை வாசிக்கும் விஸ்வ மோகன் பட் மூவரும் சேர்ந்த 'மும்தாஜ் மஹால்' 1995-இல் வந்தது. எங்கள் குறிப்பில் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று நான் அடம்பிடிக்கும் ஆல்பம் இதுதான். மற்றவர்கள் ஸ்டீவி ரே வானின் 'டெக்சஸ் ஃப்ளட்' என்கிறார்கள். அவர் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவரை முதல் நாளே அந்தச் சத்தத்துக்குள் தள்ளிவிட்டால் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

ஸ்லைடு கிட்டார் – கோட்டு கிட்டார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

– வேலூரிலிருந்து

* * *

தம்பிக்கு வணக்கம்.

நான் வாலாஜாவில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லித் தருகிறேன். ப்ளூஸ் எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பேரன் இரண்டு பாட்டுப் போட்டுக் காட்டினான். அந்த ஆல்பர்ட் கிங் இடது கைக்காரராம், கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக் கம்பியைக் கீழ்நோக்கி இழுக்கிறார். நன்றாகவே இருந்தது. அடிப்படையில் நம்ம சுத்த தன்யாசி ராகம்தான். ஆனால் காந்தாரத்தில் (க) நிற்காமல் எங்கேயோ நடுவில் தொங்குகிறார்.

ஒதுக்கல் சரியான சொல். நாங்கள் இன்றும் பாடத்தில் சொல்கிறோம். ஆனால் ஒரு சங்கடம். நீங்கள் எழுதுவது கறுப்பின மக்களின் இசையைப் பற்றி. தனித் தண்ணீர்க் குழாய், தனி ரயில் பெட்டி என்று அவர்களை ஒதுக்கி வைத்த நாட்டில் பிறந்த இசை. அதைப் படித்துக்கொண்டே வருகிறவர் "ஆல்பர்ட் கிங்கின் ஒதுக்கல்" என்ற வரியைப் பார்த்தால் முதலில் எதை நினைப்பார்? நம் ஊரிலும் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் இருக்கிறதே.

கோட்டு கிட்டாரைப் பார்த்துப் பேரன் சிரிக்கிறான். கோட்டு போட்ட கிட்டாரா என்கிறான்.

– வாலாஜாவிலிருந்து

* * *

அம்மா, வணக்கம்.

காந்தாரத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். சாதாரண காந்தாரத்தில் (தாழ்ந்த க) தொடங்கி அந்தர காந்தாரத்தை (உயர்ந்த க) எட்டாமல் நடுவில் விடுவதுதான் ப்ளூஸின் உயிர். எங்கள் குறிப்பில் பெண்டைக் கால், அரை, முழு என்று அளவு போட்டுப் பிரிக்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

ஒதுக்கல் பற்றிய உங்கள் சங்கடம் நியாயமானது. ஆனால் வினையாகச் சொல்லும்போது அந்த உறுத்தல் இல்லை. "முடியை ஒதுக்கு", "வண்டியை ஓரமா ஒதுக்கு" என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். ஆகவே "-அல்" விகுதியை விட்டுவிட்டு, எதை ஒதுக்குகிறோம் என்பதையும் சேர்த்துக் "கம்பி ஒதுக்கு" என்று வைத்துக்கொண்டால் என்ன? ஆளை ஒதுக்கும் பொருளுக்கு இடமிருக்காது. கால் ஒதுக்கு, அரை ஒதுக்கு, முழு ஒதுக்கு. மீட்டுவதற்கு முன்பே தள்ளி வைத்திருப்பது முன்னொதுக்கு. தள்ளிவிட்டுத் திரும்ப விடுவது ஒதுக்கிவிடல். இப்படிப் போட்டு ஆல்பர்ட் கிங்கின் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' (1967) பக்கத்தை மறுபடி எழுதிப் பார்த்தேன். முட்டாமல் ஓடுகிறது. 1983-இல் ஸ்டீவி ரே வானும் ஆல்பர்ட் கிங்கும் ஒரு டிவி ஸ்டுடியோவில் சேர்ந்து வாசித்த பதிவுக்கு இது இன்னும் உதவும். குரு ஆல்பர்ட் கிங்கின் ஒதுக்கும் சீடர் வானின் ஒதுக்கும் அடுத்தடுத்து வருவதால் அளவு சொல்லித்தான் வித்தியாசத்தைக் காட்ட முடியும்.

கோட்டு கிட்டாரை நான் விடுவதாக இல்லை. பி.பி. கிங்கே கோட்டு போட்டுத்தான் மேடையேறுவார் என்று பேரனிடம் சொல்லுங்கள். எதற்கும் முதல் முறை வரும் இடத்தில் "கோட்டுவாத்தியத்தில்போல் கோடு கொண்டு வாசிப்பது" என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

வேறு மறுப்பு வராவிட்டால் வரும் ஞாயிறு அச்சுக்குக் கொடுக்கிறோம். ப்ளூஸில் வரும் ஷஃபிள் தாளத்துக்கு இன்னும் சொல் அமையவில்லை. திஸ்ர நடையில் (அடிக்கு மூன்று எழுத்து) நடு எழுத்தை விழுங்கினால் வருவது அது. அதைத் தனி இழையில் கேட்கிறேன், தாளம் தெரிந்தவர்கள் அங்கே வாருங்கள்.

– வேலூரிலிருந்து