மறுமொழி: ‘அசால்ட் வெப்பன்’, ‘லார்ஜ் கெப்பாசிட்டி மேகசின்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களில் வரும் இந்தச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். “நாளிதழ்களில் ‘தாக்குதல் துப்பாக்கி’ என்று வருகிறதே, ‘அசால்ட் வெப்பன்’ என்பதற்கு அதையே வைத்துக்கொண்டால் என்ன?” என்று ஐயா ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராணுவத்தார் சொல்லும் ‘அசால்ட் ரைஃபிள்’ வேறு, அமெரிக்க மாநிலச் சட்டங்களில் வரும் ‘அசால்ட் வெப்பன்’ வேறு. முதலாவதில் பக்கவாட்டில் உள்ள ஒரு திருப்பியை மாற்றிவிட்டால், விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை குண்டுகள் பாய்ந்துகொண்டே இருக்கும். ராணுவ ஏ.கே. 47 அந்த வகை. இப்படித் தொடர்ந்து சுடுபவற்றை அமெரிக்கா 1934இலேயே கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. 1986இல் புதியவற்றைத் தனியாருக்கு விற்பதற்கும் தடை வந்தது. மாநிலங்கள் இப்போது தடுக்கப் பார்ப்பது இரண்டாவதை, ஏ.ஆர். 15 போன்றவற்றை. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும், சுடுபவர் மறுபடி இழுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், இயந்திரத் துப்பாக்கியைக் கடையில் விற்கிறார்கள் என்றுதான் நம் வாசகர் நினைப்பார். இது குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட சட்டம். அதைத் தமிழில் படிப்பவருக்குப் பாதி புரிந்தால் போதாது.

இந்த வகையைச் சட்டம் எப்படி வரையறுக்கிறது என்று பார்த்தால் பெயரும் பிடிபடும். 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்து பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அந்த மாநிலம் முதல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் தயாரிப்புகளின் பெயர்களைப் பட்டியலிட்டார்கள். பெயரை மாற்றிச் சந்தைக்கு அனுப்புவது சுலபம் என்பதால், பிறகு உறுப்புகளைக் கொண்டு வரையறுக்க வேண்டியதாயிற்று: தனியாகத் துருத்தி நிற்கும் கைப்பிடி, மடக்கக்கூடிய தோள்கட்டை, சுடும்போது எழும் தீப்பிழம்பை மறைக்கும் குழல்முனை. 1994இல் வந்து 2004இல் காலாவதியான நாடு தழுவிய தடையில், தோட்டா வைக்கும் பகுதி கழற்றக்கூடியதாக இருந்து, இப்படிப்பட்ட உறுப்புகளில் இரண்டும் இருந்தால்தான் ரைஃபிள் தடைக்குள் வரும். கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பின், 2013இல் நியூயார்க் தன் மாநிலச் சட்டத்தில் ஓர் உறுப்பு இருந்தாலே போதும் என்று குறைத்தது.

கலிஃபோர்னியாவில் இன்னொன்றும் நடந்தது. கருவி இல்லாமல் கழற்ற முடிந்தால்தான் ‘கழற்றக்கூடியது’ என்று விதி இருந்தது; தோட்டாவும் கருவிக் கணக்கில் சேர்ந்தது. உடனே தோட்டாவின் நுனியால் குத்தினால் மட்டும் கழன்று வரும்படி, உள்ளே அமிழ்ந்த ஒரு பொத்தானை வைத்து விற்றார்கள். 2016இல்தான் அந்த வழியை அடைத்தார்கள். ஒரு சொல்லின் வரையறையில் விட்ட இடைவெளி பல ஆண்டுகள் அப்படியே கிடந்திருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: போர்ப்பாணித் துப்பாக்கி. தோற்றமும் அமைப்பும் போர்க்கருவியை ஒத்தவை, இயக்கம் வேறு என்பதைப் ‘பாணி’ காட்டிவிடுகிறது. இல்லினாய், நியூயார்க் சட்டங்களில் சில கைத்துப்பாக்கிகளும் அடங்குவதால் ‘ரைஃபிள்’ என்று குறுக்க வேண்டாம். ‘தாக்குதல் துப்பாக்கி’யை ராணுவ வகைக்கே விட்டுவிடலாம். ‘படைக்கலத் துப்பாக்கி’ என்ற பெயரும் சரிவராது, எல்லா ஆயுதமும் படைக்கலம்தானே.

அடுத்தது மேகசின், அதாவது துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பகுதி. ஈழத்து நண்பர் சொன்ன ‘ரவைக்கூடு’ அருமையான சொல், புழக்கத்தில் இருந்து வந்தது. தமிழ்நாட்டில் ‘ரவை’ என்றால் குண்டு என்று பலருக்கும் தெரியாது என்பதே என் தயக்கம். ‘தோட்டாக்கூடு’ என்று வைத்து, ரவைக்கூட்டை இணைச்சொல்லாகக் கொடுக்கலாம். சுட்ட பிறகு கீழே விழும் வெற்றுக்கூட்டோடு குழம்புமே என்ற கேள்விக்கு: அதைத் ‘தோட்டா உறை’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

‘லார்ஜ் கெப்பாசிட்டி’யைப் ‘பெரிய’, ‘பேரளவு’ என்று சொல்வதில் ஒரு சிக்கல். எது பெரியது? கலிஃபோர்னியாவில் 10 தோட்டாவுக்கு மேல், கொலராடோவில் 15க்கு மேல், டெலவேரில் 17க்கு மேல். இல்லினாய் 2023 சட்டத்தில் நீளத் துப்பாக்கிக்கு 10, கைத்துப்பாக்கிக்கு 15. தடையை எதிர்ப்பவர்களோ 30 தோட்டா பிடிப்பதுதான் வழக்கமான அளவு என்கிறார்கள். ஆக, அளவைச் சொல்லாமல் வரம்பைத் தாண்டியதைச் சொல்லும் சொல்தான் வேண்டும். மிகைத் தோட்டாக்கூடு என்பேன். எண்ணை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்லிக்கொள்ளும்.

வரம்பு எதற்கு என்பதையும் விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 2011இல் அரிசோனாவின் டூசானில் சுட்டவன் கைத்துப்பாக்கியில் 33 தோட்டா பிடிக்கும் கூட்டை மாட்டியிருந்தான். அது தீர்ந்து அடுத்ததை மாற்றப் போன நேரத்தில்தான் பக்கத்தில் இருந்தவர்களால் அவனை மடக்க முடிந்தது. அதற்குள் ஆறு பேருக்குச் சாவுக்காயம் பட்டுவிட்டது, அவர்களில் ஒன்பது வயதுச் சிறுமியும் ஒருத்தி. கூடு சிறியதாக இருந்தால் அந்த இடைவெளி முன்னதாகவே கிடைக்கும் என்பதுதான் இந்தச் சட்டங்களின் வாதம்.

‘செமி ஆட்டோமேட்டிக்’குக்கு ‘அரைத் தானியங்கி’ போதும் என்று நினைக்கிறேன். ‘தன்னியக்கம்’ என்று எழுதும் நண்பர்கள் அதையும் பக்கத்தில் தரலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், பிறகு கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.